மஞ்சள் ஒயர் காமன் இல்லை

ஊறவைத்த போர்வை மூன்று, பையனுடைய ஜீன்ஸ் இரண்டு. 2025 ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. வாஷ் டைமரைத் திருகினேன். மெஷின் ‘ம்ம்ம்’ என்று முனகியது, தண்ணீர் அசையவே இல்லை. சில விநாடி நின்றது, டைமர் திசை மாற்றியதும் மறுபடி அதே முனகல். மூன்றாவது தடவை முனகும்போது பின்பக்கத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. சூடான தோசைக்கல்லில் பிளாஸ்டிக் கரண்டியை மறந்து வைத்துவிட்டால் வருமே, அதோடு கொஞ்சம் வார்னிஷும் கலந்தாற்போல. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூன்று போர்வையையும் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கையால் துவைத்தேன். அந்த முதுகுவலிதான் என்னை ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வைத்தது.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில், தரைத்தளம். மெஷின் செமி ஆட்டோமேட்டிக். லாரித் தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழித்த வருடங்களில் வாங்கியது. குழாயில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் பக்கெட்டில் மொண்டு ஊற்றித் துவைக்கலாம் என்பதற்காகவே வாங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஃபிரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றினோம், கிரைண்டரை லாஃப்டில் ஏற்றினோம், வாஷிங் மெஷினை யாரும் நினைக்கவில்லை. இந்த மாதிரி மெஷினில் துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரண்டு மோட்டார், இரண்டும் இருப்பது அடிவயிற்றில். இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. பின்பலகையைக் கழற்றி, ஒரு வாரம் டேபிள் ஃபேன் காற்றில் காயவைத்து, சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போட்டோம். ஓடியது. அப்புறம் ஒன்றரை வருடம் ஓடியிருக்கிறது. அதுவே பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது.

முதலில் சர்வீசுக்குத்தான் சொன்னேன். வந்த தம்பி பின்பலகையைக்கூடக் கழற்றவில்லை. குனிந்து முகர்ந்து பார்த்தார். “மோட்டார் போயிடுச்சு மேடம். லேபரோட 3,900 ஆகும். பழைய மெஷினுக்கு இவ்ளோ போடணுமா, எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க” என்றார். மூக்கு சொன்ன தீர்ப்பு சரியாகத்தான் இருந்தது என்பது பிறகு தெரிந்தது. ஆனாலும் அளக்காமல் 3,900 சொன்னது எனக்கு உறுத்தியது. நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவள். ரசீது இல்லாத தொகையை மனசு ஏற்காது.

முனகுகிறது, சுற்றவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மோட்டாரை அல்ல, கபாசிட்டரை. இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. சீலிங் ஃபேன் போட்டால் நின்ற இடத்திலேயே நடுங்கும், குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் ஓட ஆரம்பிக்கும், 2.5 எம்எஃப்டி (மைக்ரோ ஃபாரட், கபாசிட்டரை அளக்கும் அலகு) கண்டென்சர் ஒன்று வாங்கி மாற்றினால் சரியாகும். கபாசிட்டரைத்தான் கடையில் கண்டென்சர் என்பார்கள். வாஷ் மோட்டாரும் அதே ஜாதிதான். உள்ளே இரண்டு காயில், அதாவது இரண்டு கம்பிச் சுருள். ஒரே ஒரு காயிலுக்கு மட்டும் கரண்ட் போனால் காந்தம் முன்னும் பின்னும் இழுக்குமே தவிரச் சுற்றாது. அம்மியில் குழவியை இழுத்துத் தள்ளுவது போல. இரண்டாவது காயிலுக்குப் போகும் கரண்ட்டைக் கபாசிட்டர் ஏறக்குறைய கால் சுற்று முன்னே தள்ளிவிட்டால்தான் இரண்டு இழுப்பும் மாறி மாறிச் சேர்ந்து ஆட்டுக்கல் ஆட்டுவதுபோல் ஒரு வட்டம் கிடைக்கும். கபாசிட்டர் செத்தால் ஆட்டுக்கல் அம்மியாகிவிடும். முனகல் அதுதான்.

எனவே கபாசிட்டரை அளந்து பார்க்க மல்டிமீட்டர் வாங்கப் போனேன். சனிக்கிழமை வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடை. அந்தத் தெருவில் பெண்கள் இப்போதெல்லாம் நிறையவே வருகிறார்கள், ஆனால் மொபைல் கவர் வாங்க. மல்டிமீட்டர் கேட்டதும் கடைக்காரர் என் பின்னால் பையன் யாராவது வருகிறானா என்று எட்டிப் பார்த்தார். “கபாசிட்டர் அளக்கறது வேணும்” என்றதும் பேச்சு மரியாதையாக மாறியது. 650 ரூபாய். விலை குறைந்த மீட்டர்களில் ஓம் இருக்கும், வோல்ட் இருக்கும், கபாசிட்டர் அளக்கும் வசதி இருக்காது; கேட்டு வாங்க வேண்டும்.

பின்பலகையைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிக் கண் முன்னால் வைத்துக்கொண்டேன். சுவிட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் உட்கார்ந்திருப்பது உண்டு. அணைத்த பிறகும் மெஷினுக்குள் ஃபேஸ் நிற்கும். கபாசிட்டரில் தேங்கியிருக்கும் கரண்ட் இன்னொரு பயம். அது காயில்களோடு சேர்ந்தே இணைந்திருப்பதால் வழக்கமாகத் தானாக இறங்கிவிடும். ஆனால் காயில் அறுந்திருந்தால் இறங்க வழியில்லை, நம் விரலுக்காகக் காத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு முனையையும் உரசிப் ‘பட்’டென்று வெடிக்க வைப்பார்கள் சிலர். நான் ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் கபாசிட்டர் முனைகளில் சில விநாடி பிடித்தேன். சத்தமில்லாமல் காரியம் முடிந்தது.

எங்கள் மெஷினில் கபாசிட்டர் ஒரே டப்பா, உள்ளே இரண்டு: மேலே 10 + 5 என்று அச்சிட்டிருந்தது. பத்து வாஷுக்கு, ஐந்து ஸ்பின்னுக்கு. ஒயரைக் கழற்றி அளந்தேன். 9.7, 4.9. இரண்டும் நல்ல ஆரோக்கியம். ஆக நூறு ரூபாய்ச் செலவில் தப்பிக்கும் கனவு முடிந்தது.

அடுத்தது மோட்டார். மூன்று ஒயர்: மஞ்சள், நீலம், சிவப்பு. மீட்டரை 200 ஓம்ஸில் வைத்து, முதலில் மீட்டரின் இரண்டு ஊசிமுனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன். 0.4 காட்டியது. அது மீட்டர் ஒயரின் சொந்தக் கணக்கு, வருகிற ஒவ்வொரு அளவிலும் கழிக்க வேண்டியது. மஞ்சள்–சிவப்பு 22.8. மஞ்சள்–நீலம் 9.5. நீலம்–சிவப்பு 31.9. வாஷ் மோட்டார் இரண்டு பக்கமும் ஒரே பலத்தோடு சுற்ற வேண்டியது, அதனால் இரண்டு காயிலும் ஒரே அளவாகச் சுற்றப்பட்டிருக்கும். ஒன்று 22, இன்னொன்று 9 என்றால், அந்த ஒன்பதில் பாதிக்கு மேல் சுற்றுகள், கம்பி மேல் பூசிய வார்னிஷ் கருகி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. காயில் எரிந்தது என்பது இதுதான். மூக்கு சரி, மீட்டரும் சரி. அந்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது. அந்தக் காகிதத்தைத் தொலைத்தது அடுத்த காரியம்.

“அம்மா, கழட்டறதுக்கு முன்னாடி ஃபோட்டோ எடுத்துக்கோ” என்றான் பையன். எடுத்தேன். ஒன்பது கோணத்தில். எல்லோரும் சொல்லும் அறிவுரைதானே. அந்த ஃபோட்டோதான் என்னைக் கவிழ்த்தது.

ஏரியாவிலேயே ஒரு ஸ்பேர்ஸ் கடை. பழைய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனது நல்லதாயிற்று. மோட்டார் என்று கேட்டால் கொடுத்துவிட மாட்டார்கள். ஷாஃப்ட் கனம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, போல்ட் துளைகள் எத்தனை, எந்த இடைவெளி என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “காப்பரா, அலுமினியமா?” என்றும் கேட்டார். காப்பர் 1,450, அலுமினியம் நானூறு ரூபாய் குறைவு. அலுமினியத்தில் சுற்றிய மோட்டார் ஓடாது என்றில்லை, ஓடுகிறது. ஆனால் அதே அளவு கரண்ட்டுக்கு இன்னும் கனமான கம்பி வேண்டும். விலை குறைக்கும் இடத்தில் அந்தக் கனத்தையும் குறைத்திருந்தால் சூடு தாங்காது. கையில் தூக்கிப் பார்த்துக் காப்பரே வாங்கினேன். பழைய மோட்டாரை அங்கேயே கொடுத்தால் 150 கழித்துக்கொள்கிறேன் என்றார். சிறிய புல்லியை மட்டும் கழற்றிக் கையில் கொடுத்தார். துருப்பிடித்து இறுகியிருந்ததை எண்ணெய் விட்டு, புல்லர் போட்டு எடுக்க அவருக்கே பத்து நிமிடம் ஆனது. நூற்றைம்பது ரூபாய் லாபத்தோடு, பழைய மோட்டாரைக் கைவிட்டு வந்தேன். கைவிட்டிருக்கக் கூடாது. ஏன் என்று வருகிறேன்.

புது மோட்டாரிலும் மஞ்சள், நீலம், சிவப்பு. பார்த்ததும் சந்தோஷம். ஃபோட்டோவைப் பார்த்து, மஞ்சள் இருந்த இடத்தில் மஞ்சள், நீலத்துக்கு நீலம், சிவப்புக்குச் சிவப்பு. பெல்ட்டையும் மாட்டிவிட்டு, பையன் பிளக்கைப் பிடித்துக்கொள்ள, டைமரைத் திருகினேன். ஒரு பக்கம் திரும்பும்போது ‘ர்ர்ர்’ என்று உறுமியது, புல்லி அசையவில்லை. டைமர் திசை மாற்றியதும் உறுமல் போய், சன்னமாக ஒரு முனகல். பல்சேட்டர் (தொட்டியின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டு) அரை அங்குலம் நகர்ந்து நின்றது. “பிடுங்குடா!” என்று கத்தியதில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். மோட்டாரைத் தொட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் முதல் எண்ணம். அதே மோட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகும் வழியில், கீழ்க்கட்டளைப் பக்கம் காயில் கட்டும் கடை ஒன்று கண்ணில் பட்டது. வாசலில் போர்வெல் மோட்டார்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. உள்ளே வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர், கிரைண்டர் மோட்டார் ஒன்றுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“கலரப் பாத்து கனெக்‌ஷன் குடுத்தீங்களாம்மா?”

“ஆமாண்ணே. ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தேன்.”

சிரிக்கவில்லை. மீட்டரை எடுத்தார். “கலரு ஒரு கணக்கும் இல்லம்மா. அவன் கைல அன்னிக்கி இன்னா ஒயரு இருந்துச்சோ அத்தப் போட்டு வுட்டுடுவான். பழைய மோட்டார்ல மஞ்சள் காமனா இருந்திருக்கும். இதுல பாருங்க.”

பார்த்தேன். மஞ்சள்–நீலம் 23.4. நீலம்–சிவப்பு 23.6. மஞ்சள்–சிவப்பு 46.6.

“எந்த ரெண்டுக்கு நடுவுல ஜாஸ்தி வருதோ, அந்த ரெண்டும் முனை. வுட்டுப்போன ஒண்ணு காமன். அவ்ளோதான்.”

மூன்று ஒயர், மூன்று ஜோடி, மூன்று அளவு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் இரண்டு காயிலும் தொடராக இருக்கின்றன, அதனால்தான் இரண்டின் கூட்டுத்தொகை. நீலம் நடுவில், இரண்டு காயிலுக்கும் பொதுவாக நிற்கிறது. இந்த மோட்டாரில் காமன் நீலம். மீட்டர் ஒயரின் 0.4-ஐக் கழித்துப் பார்த்தால் கணக்கு தசமம் வரை நேராகிறது: 23.0, 23.2, 46.2. கணக்கெழுதுபவளுக்கு இதைவிட என்ன வேண்டும்.

வீட்டுக்கு வந்து, என்ன தப்பு செய்தேன் என்று ஒரு படம் போட்டுப் பார்த்தேன். மெஷினுக்குள் இருக்கும் அமைப்பு எளிது. காமனுக்கு நியூட்ரல். இரண்டு முனைக்கும் நடுவே கபாசிட்டர். டைமர் ஃபேஸைக் கொஞ்ச நேரம் ஒரு முனைக்கும், கொஞ்ச நேரம் மறு முனைக்கும் கொடுக்கும். ஃபேஸ் எந்த முனைக்கு நேராகப் போகிறதோ அந்தக் காயில் மெயின், மற்றது கபாசிட்டர் வழியாகக் கரண்ட் வாங்கும். முனை மாறினால் திசை மாறும். நானோ நியூட்ரலைப் புது மோட்டாரின் மஞ்சளில், அதாவது ஒரு முனையில் கொடுத்திருந்தேன். டைமர் நீலத்துக்கு ஃபேஸ் கொடுத்தபோது ஒரே ஒரு காயிலுக்கு முழு 230 வோல்ட். இன்னொரு காயில் கபாசிட்டரோடு தனியாக ஒரு வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு சும்மா இருந்தது. அம்மி. அதுதான் உறுமல், அதுதான் சூடு. டைமர் சிவப்புக்குக் கொடுத்தபோது இரண்டு காயிலும் வரிசையாகச் சேர்ந்து கரண்ட்டைப் பங்கு போட்டுக்கொண்டன, கபாசிட்டர் அதில் ஒன்றின் குறுக்கே. பலமில்லை. அதுதான் முனகல். ஒரு திசையில் உறுமி, மறு திசையில் முனகினால் காமன் இடம் மாறியிருக்கிறது என்று இப்போது காதாலேயே சொல்லிவிடுவேன்.

இன்னும் ஐந்து நிமிடம் அப்படியே விட்டிருந்தால் 1,450 ரூபாய்க்கும் அந்தத் தோசைக்கல் வாசனை வந்திருக்கும்.

இப்போது பழைய மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன். புது மோட்டாரின் காமன் தெரிந்துவிட்டது. மெஷின் பக்கத்து மூன்று ஒயரில் எது நியூட்ரல்? அதைச் சொல்லக்கூடியது பழைய மோட்டார், எரிந்திருந்தாலும்கூட. 22.8, 9.5, 31.9-இல் பெரிய எண் வந்த ஜோடி நீலமும் சிவப்பும். ஆக மஞ்சள் காமன். ஒரு காயில் பாதி வெந்திருந்தாலும் இந்த விதி நிற்கிறது. (முழுதாக அறுந்திருந்தால் நிற்காது; அப்போது மீட்டர் ஒரு ஜோடியில்தான் எண் காட்டும்.) ஆனால் மோட்டார் கடையில், காகிதம் எங்கேயோ. நினைவை நம்பிக் கரண்ட் கொடுக்கக் கூடாது என்ற புத்தி அதற்குள் வந்திருந்தது.

வேறு வழி இருந்தது. கபாசிட்டர் பொய் சொல்லாது. 10 எம்எஃப்டி பக்கத்து இரண்டு ஒயரும் போய்ச் சேரும் இடம் இரண்டும் முனைகள். மெஷினின் மூன்று ஒயரில் கபாசிட்டரைத் தொடாத ஒன்று காமன். கபாசிட்டரிலிருந்து விரலால் பிடித்துக்கொண்டே வந்தேன், மீட்டரின் பீப் சத்தத்தால் உறுதி செய்தேன். பிளக்கின் நியூட்ரல் பின்னிலிருந்து அந்த மூன்றாவது ஒயருக்கும் பீப் வந்தது. வெள்ளை பிளாஸ்டரில் ‘காமன்’, ‘முனை 1’, ‘முனை 2’ என்று எழுதி ஒட்டினேன். ஃபோட்டோ எடுப்பது தப்பில்லை. ஆனால் ஃபோட்டோவில் தெரிவது கலர், தேவைப்படுவது வேலை. கழற்றுவதற்கு முன்பே அந்தந்த ஒயர் என்ன வேலை செய்கிறது என்று எழுதி ஒட்டிவிட்டால், வருகிற மோட்டார் வானவில் கலரில் வந்தாலும் கவலையில்லை.

ஸ்பின் மோட்டாரை மாற்றுபவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பெரியவர் சொல்லியனுப்பினார். அது ஒரே திசையில் ஓடுவது. அதில் இரண்டு காயிலும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பெரும்பாலும் ரன்னிங் ஒரு அளவு, ஸ்டார்ட்டிங் அதைவிட அதிகம். காமனைக் கண்டுபிடிக்கும் முறை அதேதான்: பெரிய எண் வரும் ஜோடியை ஒதுக்கு. பிறகு காமனிலிருந்து குறைவாகக் காட்டுவது ரன்னிங், அதற்கு நேரடி ஃபேஸ். அதிகமாகக் காட்டுவது ஸ்டார்ட்டிங், அதற்குக் கபாசிட்டர் வழியாக. இதை மாற்றிக் கொடுத்தால் மெல்லிய காயில் நேராக மெயினில் உட்கார்ந்து கருகும். டேபிள் டாப் கிரைண்டருக்கும் இதே பாடம். மிக்ஸிக்கு மட்டும் இந்தப் பேச்சே வேண்டாம், அது கார்பன் பிரஷ் போட்ட வேறு வம்சம்.

அவரிடம் இன்னொன்றும் பார்த்துக்கொண்டேன். என் மல்டிமீட்டரில் ஒவ்வொரு ஒயருக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவே ஒன்றும் காட்டவில்லை, நல்லது என்று நினைத்தேன். “உங்க மீட்டர் பேட்டரி வோல்ட்ல பாக்குதும்மா. ஈரம் அதுல தெரியாது” என்று சொல்லி மெக்கர் எடுத்தார். அது 500 வோல்ட் கொடுத்து, காயிலிலிருந்து மோட்டார் உடம்புக்குக் கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பது. புது மோட்டாரில் முள் கடைசிக்கே போய் நின்றது. குறைந்தது ஒரு மெகா ஓம் இல்லாவிட்டால் அந்த மோட்டாருக்குக் கரண்ட் காட்டவே மாட்டாராம். வெள்ளத்தில் ஊறிய மெஷினை நாங்கள் டேபிள் ஃபேன் காற்றில் காயவைத்து, கும்பிட்டுப் போட்டோமே, அப்போது இப்படி ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று துணி அலசும் இடத்தில் இருப்பது அந்த மெஷின். காசு கேட்டால் வாங்கிக்கொள்ளவில்லை. டீ சொன்னேன், குடித்தார்.

எர்த் ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய மோட்டாரின் உடம்பில் பச்சை ஒயர் ஒன்று போல்ட்டில் இறுக்கியிருந்தது. புது மோட்டாருக்கு அப்படி ஒயர் எதுவும் வரவில்லை, மூன்றே ஒயர்தான். ‘மூன்றும் மாட்டியாச்சு, பச்சை மிச்சம்’ என்று அதை டேப் சுற்றிச் சுருட்டி விடுபவர்கள் இருக்கிறார்களாம். நான் மோட்டாரின் மவுண்டிங் காலில் பெயின்ட்டை உப்புத்தாளால் சுரண்டி, லக் (ஒயர் நுனியில் மாட்டும் வளையம்) போட்டுப் போல்ட்டில் இறுக்கினேன். பிளக்கின் பெரிய பின்னுக்கும் மோட்டார் உடம்புக்கும் பீப் வந்த பிறகுதான் நிம்மதி. அதோடு சுவர் சாக்கெட்டையும் அளந்தேன். நேராக நின்று பார்த்தால் வலது ஓட்டை ஃபேஸ், இடது நியூட்ரல், மேலே எர்த். ஃபேஸ்–நியூட்ரல் 228. ஃபேஸ்–எர்த் ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். எங்கள் பாத்ரூம் பக்கத்து சாக்கெட்டில் 40 சொச்சம் ஊசலாடியது. எர்த் ஒயர் உள்ளே கழன்று கிடந்தது, எத்தனை வருடமாகவோ. எலக்ட்ரீஷியனை வரவழைத்து அதைச் சரி செய்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்ட்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் போட்டேன். மோட்டாரைவிட அதற்குத்தான் செலவு அதிகம். இந்தப் பகுதியை நானே செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

ஜாயின்ட் போடுவதில்தான் வீட்டிலேயே ரிப்பேர் பார்ப்பவர்களின் வண்டவாளம் தெரியும். முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவது நம் ஊர் வழக்கம். சென்னை மே மாத வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, பிசுபிசுவென்று நழுவி, ஆறு மாதத்தில் கம்பி வெளியே எட்டிப் பார்க்கும். அதுவும் சோப்புத் தண்ணீர் சொட்டும் இடத்தில். ஒவ்வொரு ஒயரிலும் இரண்டு சென்டிமீட்டர் உரித்து, முறுக்கி, ஈயம் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் இரண்டு அடுக்கு. ஸ்லீவை ஒயரில் முதலில் கோத்துவிட்டுப் பிறகு ஈயம் வைக்க வேண்டும் என்பதை முதல் ஜாயின்ட்டில் மறந்தேன். இரண்டாவதிலும் மறந்தேன். மூன்றாவதில் பையன் ஸ்லீவைக் கண் முன்னால் ஆட்டிக் காட்டினான். ஜாயின்ட்டுகளை மேலே தூக்கிக் கட்டினேன். மோட்டாருக்குப் போகும் ஒயர் ஒரு இடத்தில் தொங்கி, கீழே வளைந்து, பிறகு மேலேறும்படி விட்டேன். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது.

பெல்ட்டை இந்தத் தடவை மாட்டவில்லை. முதலில் மோட்டாரை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். யாரோ சீரிஸ் லேம்ப், அதாவது மோட்டாரோடு தொடராக ஒரு பல்பு, வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். வைத்தேன். 100 வாட் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தது, மோட்டார் நகரவில்லை, எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு புரிந்தது: எரியும்போது அந்தப் பல்பின் தடை 530 ஓம் பக்கம், நின்றுகொண்டிருக்கும் மோட்டார் அதன் முன்னால் வெறும் கம்பி மாதிரி. நல்ல மோட்டாருக்கும் பல்பு பளிச்சென்றுதான் எரியும். அந்தச் சோதனையை நம்பி நல்ல மோட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். நேரடியாகக் கொடுத்தேன், பத்து விநாடி. ‘விர்ர்’ என்று கிளம்பிச் சுற்றியது. நின்றது. எதிர்ப்பக்கம் அதே வேகத்தில், அதே சத்தத்தில். கையில் பிளக்கோடு நின்றிருந்த பையன் முகம் பார்க்க வேண்டும்.

பிளக்கை எடுத்துவிட்டு பெல்ட். பெரிய புல்லியும் சிறிய புல்லியும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்று ஸ்கேலை வைத்துப் பார்த்து, மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, இழுத்து, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்கும்படி இறுக்கினேன். பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினால் மோட்டார் பேரிங் சீக்கிரம் சத்தம் போடும். தளர்வாக விட்டால் போர்வை போடும்போது வழுக்கும். மவுண்டிங்கில் இருந்த நான்கு ரப்பர் புஷ்களும் விரலால் தொட்டதும் உதிர்ந்தன, அதையும் மாற்றினேன். முதல் லோடு கால்மிதி நான்கு மட்டும். ஓடும்போது டார்ச் அடித்து அடியில் பார்த்தபோது, வாஷ் டப்பின் ஷாஃப்ட் சீலிலிருந்து மெல்ல ஒரு சொட்டு நழுவியது. அது விழும் இடம் புது மோட்டாரின் தலை. சீல் மாற்ற இன்னொரு ஞாயிறு போனது, அதைச் சொன்னால் நீளும். மோட்டார் எதனால் போனது என்று வெள்ளத்தின் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தேன். பாதிப் பழி இந்தச் சீலுடையது.

மெஷினின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். எலி வந்து ஒயரைக் கடிக்காமலிருக்கக் கொசுவலைக் கம்பி வலையை வெட்டி அடைத்தேன். மெஷினைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் உயரத்துக்கு இரும்பு ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று. இன்னொரு டிசம்பர் வந்தால் இது போதாது, தெரியும்.

பின்பலகையை மூடும் முன் அதன் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டினோம். ‘நீலம் காமன். மஞ்சள், சிவப்பு முனை. 23, 23, 46. கபாசிட்டர் 10’, கீழே தேதி. எழுதியவன் பையன். மேலே தலைப்பாக ‘மோட்டார் கோயில் அளவு’ என்று எழுதி, கோயிலை அடித்துக் காயில் ஆக்கியிருக்கிறான்.